சுங்கை சிப்புட் மளிகைக் கடை ‘உதவிப் பை’: வாங்கிக் கொடுக்கலாமா?

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுனில் சில மளிகைக் கடைகள், ஏழை வீடுகளுக்கு வாங்கிக் கொடுப்பதற்கான சாமான் பைகளை வாசலில் அடுக்கிவிடும். 50, 80, 120 வெள்ளி (ரிங்கிட்) என்று மூன்று அளவு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் இந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பிறந்து, படித்து, இப்போது கிள்ளானிலோ சிங்கப்பூரிலோ வசதியாக இருப்பவர்கள். மிச்சம் கோயில் நிர்வாகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், சில கம்பெனிகள். பணத்தைப் போனிலேயே அனுப்பிவிடலாம். எந்தத் தோட்டம், எத்தனை வீடு என்று சொன்னால் போதும், கடைக்காரர் வேனில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டு, படமும் எடுத்து அனுப்பிவிடுவார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கொடுக்கிற காசுக்குப் பையில் சாமான் இருக்கிறது, ஏமாற்று இல்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு இது தேவையான சாமான் இல்லை. அதே கடையில், கல்லாவுக்குப் பக்கத்து இழுப்பறையில், போர்டு எதுவும் வைக்காமல் இதைவிட நல்ல வழி ஒன்று கிடக்கிறது. அதைப் பிறகு சொல்கிறோம். முதலில் பையைப் பிரிப்போம்.

50 வெள்ளிப் பையில் வழக்கமாக இருப்பவை: 5 கிலோ இறக்குமதி அரிசி, 1 கிலோ பாட்டில் எண்ணெய், 1 கிலோ சீனி, 1 கிலோ கோதுமை மாவு, 400 கிராம் மீகூன் (அரிசிச் சேமியா), சின்ன சாடின் (மத்தி மீன்) டின் ஒன்று, டின் பால் ஒன்று, ஒரு பாக்கெட் பிஸ்கட். கடை விலையில் கூட்டிப் பார்த்தால் அரிசி சுமார் 19, எண்ணெய் 8, சீனி 2.85, மாவு 3, மீகூன் 3.50, சாடின் 4, டின் பால் 4, பிஸ்கட் 4 என்று 48 வெள்ளி சொச்சம் வருகிறது. பை, கட்டுக்கூலி, வேன் பெட்ரோல் எல்லாம் மிச்சம் ஒன்றே முக்கால் வெள்ளிக்குள். கடைக்காரர் இதில் கோட்டை கட்டவில்லை. சாமான் விற்கிற லாபம்தான் அவருக்கு.

சிக்கல் சாமான் தேர்வில் இருக்கிறது. அரிசியை எடுத்துக்கொள்வோம். தீபகற்ப மலேசியாவில் உள்ளூர் வெள்ளை அரிசி 10 கிலோவுக்குக் கட்டுப்பாட்டு விலை 26 வெள்ளி, அதாவது 5 கிலோ 13 வெள்ளி. 2023 செப்டம்பரில் இறக்குமதி அரிசி விலை ஏறியபோது உள்ளூர் அரிசி கடைகளில் காணாமல் போனது, பலருக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகு கிடைக்கிற நாளில் கிடைக்கும், இல்லாத நாளில் இல்லை. பை கட்டுகிறவர் நூறு பைக்கு ஒரே மாதிரி அரிசி வேண்டும் என்பதால் இறக்குமதியைப் போட்டுவிடுகிறார். எண்ணெயும் இதே கதை. மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் கிலோ 2 வெள்ளி 50 காசு, பையில் போவது பாட்டில். இந்த இரண்டிலும் மட்டும் 11 வெள்ளி 50 காசு வித்தியாசம். அதைக் கொண்டு சி கிரேடு முட்டை ஒரு தட்டு கிட்டத்தட்ட வாங்கிவிடலாம்.

உடனே ‘அப்படியானால் நூறு பைக்கும் பாக்கெட் எண்ணெயே போடச் சொல்கிறேன்’ என்று கிளம்பாதீர்கள். பாக்கெட் எண்ணெய் கடைக்கு அளந்துதான் வருகிறது. ஒரு கம்பெனி நூறு பைக்கு இரண்டிரண்டாக 200 பாக்கெட்டை அள்ளிவிட்டால், அந்த வாரம் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர் காலி அலமாரியைப் பார்த்துவிட்டு பாட்டில் எண்ணெயை வாங்கிக்கொண்டு போவார். உதவி செய்யப் போய் உதவி வாங்குகிறவர் பங்கைப் பறித்ததாக ஆகும். நான்கைந்து வீட்டுக்குக் கொடுக்கிறவர்கள் மானியச் சாமானைக் கேளுங்கள், மொத்தமாகக் கொடுக்கிறவர்கள் அதைத் தொடாதீர்கள்.

அடுத்து, பையில் இல்லாதவை. பருப்பு இல்லை. வெங்காயம் இல்லை. முட்டை இல்லை, உடையும் என்பார்கள். மசாலாத் தூள் இல்லை. ஆக, பையை வாங்கிய அன்று இரவு அந்த வீட்டில் சோறு வடிக்கலாம், குழம்பு வைக்க முடியாது. ஐந்து பேர் உள்ள வீட்டில் இரண்டு வேளைச் சோற்றுக்கு ஒரு கிலோ அரிசி ஆகும். 5 கிலோ ஐந்து நாளில் தீர்ந்துவிடும். சீனியும் டின் பாலும் பிஸ்கட்டும் மட்டும் அதற்குப் பிறகும் இருக்கும்.

அந்த மூன்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நாட்டின் சுகாதார ஆய்வுகளில் இனிப்பு நீர் நோய் (நீரிழிவு) மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடம் அதிகம் என்பது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தோட்டப் பக்கத்தில் நாற்பது தாண்டிய ஆள் இருக்கிற வீட்டில் அதற்கான மெட்ஃபோர்மின் மாத்திரைப் பட்டை இல்லாமல் இருப்பது அபூர்வம். அந்த வீட்டுக்குச் சீனி, டின் பால், மாவு, மீகூன், வெள்ளை அரிசி என்று எல்லாமே மாவும் இனிப்புமாக நிரப்பி அனுப்புகிறோம். விலை குறைவு, கெட்டுப்போகாது, பை கனமாகத் தெரியும். கடைக்காரருக்கு இந்த மூன்று காரணமும் நியாயமானவை. நமக்கு அவை காரணமாகக் கூடாது.

80 வெள்ளிப் பை இதையே கொஞ்சம் பெரிதாக்கியது, மைலோ பாக்கெட் ஒன்று கூடுதல். 120 வெள்ளிப் பையில் முறுக்கு, அல்வா என்று பலகார டப்பாக்கள் சேரும். பண்டிகைக்கு உறவினருக்குக் கொடுக்க அது பரவாயில்லை, இந்த விமர்சனத்துக்கு அது தேவையில்லை.

பை கொடுத்தே தீருவேன் என்பவர்கள் அடுக்கி வைத்திருக்கும் பையை விட்டுவிட்டு, சொல்லிக் கட்டச் சொல்லுங்கள். 80 வெள்ளிக்கு இப்படிக் கேட்கலாம்: உள்ளூர் அரிசி 5 கிலோ 13, பருப்பு 2 கிலோ 13, முட்டை 30 சுமார் 12, வெங்காயம் 2 கிலோ 8, உருளைக்கிழங்கு 2 கிலோ 7, பாக்கெட் எண்ணெய் இரண்டு 5, ஆட்டா மாவு 1 கிலோ 5, மீன் மசாலாவும் கறி மசாலாவும் 250 கிராம் வீதம் 8, தேயிலைத் தூள் 4, துணி சோப்பும் குளியல் சோப்பும் 5. வெங்காய விலை வாரத்துக்கு வாரம் ஆடும், மற்றவை பெரிதாக மாறாது. முட்டையைப் பைக்குள் போடாமல் தனியாக, தட்டோடு கயிறு கட்டித் தரச் சொல்லுங்கள். சோப்பை அரிசியோடு ஒரே பையில் வைக்க விடாதீர்கள், செம்மண் ரோட்டில் வேனில் குலுங்கிப் போய்ச் சேரும்போது சோறு சோப்பு வாசம் அடிக்கும். இது நடக்கிற விஷயம்தான். மாவிலும் பருப்பிலும் வண்டு இருக்கிறதா என்று பையைத் தூக்கி வெளிச்சத்தில் பாருங்கள். தீபாவளிக்கென்று முன்கூட்டியே கட்டி வைத்த பைகளில் வண்டு வர வாய்ப்பு அதிகம்.

இன்னொரு விஷயம், அடுப்பு. 14 கிலோ கேஸ் சிலிண்டர் 26 வெள்ளி 60 காசு, அதற்கு மேல் கொண்டுவரும் கூலி. மாதக் கடைசியில் பல வீட்டில் அரிசி இருக்கும், கேஸ் இருக்காது. பை கொடுப்பதற்குப் பதில் ஒரு சிலிண்டருக்குப் பணம் கட்டியிருந்தால் அந்த வீட்டில் இருக்கிற அரிசியாவது சோறாகியிருக்கும்.

இப்போது அரசாங்கம் என்ன கொடுக்கிறது என்று தெரிந்துகொண்டு உதவி செய்வது நல்லது. 2025 ஏப்ரல் முதல் எஸ்.டி.ஆர் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசாங்க ரொக்க உதவி) பெறும் குடும்பங்களுக்கு மாதம் 100 வெள்ளி சாரா உதவி (அடிப்படைச் சாமான் வாங்க மட்டும்) மைகார்டில், அதாவது அடையாள அட்டையில், வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31 முதல் 18 வயதும் அதற்கு மேலும் உள்ள எல்லாக் குடிமக்களுக்கும், வசதியானவர்களுக்கும் சேர்த்து, ஒரு முறை 100 வெள்ளி கிடைத்தது. அந்தக் கார்டில் என்ன வாங்கலாம்? அரிசி, எண்ணெய், மாவு, பிஸ்கட், டின் உணவு, சோப்பு, மருந்து, பள்ளிச் சாமான். அதாவது பெரும்பாலும் நம் உதவிப் பையில் இருக்கிற அதே பட்டியல். கார்டில் வாங்க முடியாதது கேஸ், பஸ் காசு, மின்சார பில், வாடகை. பை கொடுப்பதால் ஏற்கெனவே நிறைகிற குழியில் மறுபடி மண் போடுகிறோம்.

சாரா கார்டு உள்ள வீட்டுக்கு உண்மையில் உதவுவது வேறு. பதிவான கடை டவுனில் இருக்கும், பாட்டி தோட்டத்துக்குள் இருப்பார். அல்லது கார்டில் சில்லு தேய்ந்து மிஷின் படிக்காது, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுக்க, சாமானை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார். கார் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு சனிக்கிழமை இரண்டு மூன்று பெரியவர்களை ஏற்றிக்கொண்டு போய், மீதித் தொகையைப் பார்த்துச் சொல்லி, சாமான் வாங்கி, வீட்டில் இறக்கிவிட்டால் 50 வெள்ளிப் பையைவிடப் பெரிய உதவி. சில்லு தேய்ந்திருந்தால் தேசியப் பதிவுத் துறைக்கு அழைத்துப் போய்ப் புதுக் கார்டு எடுத்துக் கொடுங்கள்.

சிவப்பு அடையாள அட்டைக்காரர்களும் (குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகள்), பிறப்புப் பத்திரமே இல்லாமல் நிற்கிற பிள்ளைகளும் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். எஸ்.டி.ஆர் இல்லை, சாரா இல்லை. தனியார் உதவி முதலில் போக வேண்டியது இந்த வீடுகளுக்கு. நடப்பது தலைகீழ். பை கொடுக்கும்போது மைகார்டு நகல் கேட்டு வாங்குகிறார்கள் ஏற்பாட்டாளர்கள், கணக்குக் காட்ட வேண்டும் என்று. குடிமக்களுக்கான நீல அட்டை இல்லாதவர் வரிசையிலேயே நிற்க மாட்டார். நீங்கள் பணம் கொடுக்கிற சங்கத்திடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: அட்டை இல்லாத வீட்டுக்கு எப்படிக் கொடுக்கிறீர்கள்?

சரி, இழுப்பறைக்கு வருவோம்.

555 நோட்டுப் புத்தகம். உள்ளங்கை அகலம், அட்டையில் பெரிய எழுத்தில் 555. மலேசியாவில் மளிகைக் கடையில் கணக்கு வைத்து வாங்கிய குடும்பத்துக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அட்டையில் வீட்டுக்காரர் பெயரோ லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) எண்ணோ பால்பாயிண்ட் பேனாவில் எழுதியிருக்கும். உள்ளே தேதி, சாமான், விலை. மாத முதல் பக்கங்களில் ‘அரிசி 10 கி, சீனி 2, எண்ணெய் 3’ என்று பெரிய வரிகள். 20-ஆம் தேதிக்குப் பிறகு வரிகள் சிறுத்துவிடும்: ‘முட்டை 3’, ‘தேத்தூள் சின்னது’, ‘வெங்காயம் 1 வெள்ளிக்கு’. கையில் காசு இல்லாதவர் சின்னச் சின்னதாக வாங்குகிறார், சின்னச் சின்னதாக வாங்குவதால் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார். சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வர வேண்டும். ஆக 20 முதல் 7 வரை உள்ள இரண்டரை வாரம்தான் இந்த ஊரில் வறுமை என்பது. நோட்டுப் புத்தகத்தில் அது அப்படியே தெரியும்.

கடைக்காரரிடம் பணம் கொடுத்து ஒரு குடும்பத்தின் கணக்கில் முன்பணமாக எழுதச் சொல்லலாம். அந்த வீட்டுக்காரர் தமக்கு வேண்டியதைத் தாமே வந்து எடுத்துக்கொள்வார். இது புதுத் திட்டம் ஒன்றும் இல்லை, தெரிந்தவர்கள் சத்தமில்லாமல் செய்துகொண்டிருப்பதுதான். பையோடு ஒப்பிட்டால் எங்கள் தீர்ப்பு சந்தேகமில்லாமல் இந்தப் பக்கம். பருப்பு வேண்டியவர் பருப்பு எடுப்பார், குழந்தை உள்ள வீடு டயாப்பர் எடுக்கும், கேஸ் தீர்ந்தவர் கேஸ் எடுப்பார். எல்லாரையும் போலச் சாமான் வாங்கிக்கொண்டு போகிறார், நடு ரோட்டில் மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் கோளாறு உண்டு, பெரும்பாலும் கொடுக்கிற முறையால் வருவது. வழக்கமாக நடப்பது இது: “அண்ணே, நூறு வெள்ளி தர்றேன், அந்தப் பாட்டி கணக்குல போட்டுடுங்க.” கடைக்காரர் போட்டுவிடுவார். பாட்டியின் பழைய பாக்கி 140. நூறும் அதிலேயே கழிந்து, பாக்கி 40 என்று நோட்டில் ஏறும். பாட்டிக்கு ஒரு முட்டைகூடக் கூடுதலாக வரவில்லை, நன்மை கடைக்காரருக்குத்தான். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவர் கடன் கொடுத்துத்தான் அந்த வீடு இத்தனை மாதம் ஓடியது.

அதனால் சொல்கிற விதத்தை மாற்றுங்கள். “அண்ணே, நூறுல நாப்பது பழைய பாக்கிக்கு. அறுபது புதுச் சாமானுக்கு, தனிப் பக்கத்துல எழுதுங்க. தீர்ற வரைக்கும் அதை எதுலயும் கழிக்க வேண்டாம்.” பாக்கியில் கொஞ்சமாவது கழிப்பது முக்கியம். முழுதும் புதுச் சாமானுக்கே என்றால் கடைக்காரருக்கு மனசு கசக்கும், அடுத்த மாதம் அந்த வீட்டுக்குக் கடன் கொடுக்கக் கை வராது. நாற்பதுக்கு அறுபது என்ற பங்கு பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒத்துப்போகிறது. பாக்கி 300-ஐத் தாண்டிய வீடு என்றால் வேறு கணக்கு. அங்கே முதலில் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசுங்கள், ஒரே தடவையில் கட்டினால் எவ்வளவு தள்ளுபடி என்று கேளுங்கள். வராது என்று நினைத்த பாக்கிக்கு நேரில் காசு கிடைத்தால் பத்தோ இருபதோ விட்டுக்கொடுக்கும் கடைக்காரர்கள் உண்டு.

மற்ற நிபந்தனைகள்: சிகரெட், பீர், லாட்டரி எண்ணுக்குக் காசு, இவை கிடையாது என்று தெளிவாகச் சொல்லுங்கள். போன் டாப்-அப்புக்கு அனுமதி கொடுங்கள், பள்ளிப் பிள்ளையின் வீட்டுப்பாடமும் கூலி வேலைக்கு முதலாளி கூப்பிடுவதும் அதில்தான். கடன் விலையா ரொக்க விலையா என்று கேளுங்கள். சில கடைகளில் நோட்டுக் கணக்குக்கு ஒரு சாமானுக்குப் பத்து இருபது காசு ஏற்றியிருப்பார்கள். முன்பணம் கொடுத்திருக்கும்போது அது ரொக்கம்தான், ரொக்க விலை போட வேண்டும். மாத முடிவில் அந்தத் தனிப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம், ஆனால் அந்த வீட்டுக்காரர் சம்மதித்தால் மட்டும். இன்னொருவர் வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று பார்க்கிற உரிமை நூறு வெள்ளிக்கு விற்பனையாவதில்லை.

யார் கொடுத்தது என்று கடையில் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லிவையுங்கள். மளிகைக் கடை என்பது செய்தி பரவும் இடம். “ஆயா, உங்களுக்கு ஒருத்தரு காசு கட்டியிருக்காங்க” என்று கல்லாவிலிருந்து கடைக்காரர் உரக்கச் சொன்னால், அடுத்த நாள் அந்த ஆயா வேறு கடைக்குப் போவார். வீட்டுப் பெண்ணிடம் போனில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கடையில் அவர் நோட்டை மட்டும் நீட்டினால் போதும்.

நோட்டு முறை வேலை செய்யாத இடங்களும் உண்டு. இரண்டு கடையில் கணக்கு வைத்திருக்கிற வீடு, கடைக்காரரோடு பேச்சுவார்த்தை முறிந்த வீடு, கணவரே கடைக்குப் போய்ச் சாமானை வாங்கி வெளியில் விற்றுக் குடிக்கிற வீடு. கடைசி வகை எல்லாரும் பயப்படுகிற அளவுக்கு அதிகம் இல்லை, ஆனால் இல்லாமலும் இல்லை. அங்கே பில் கட்டுவது மேல்.

பில் கட்டுவது எளிது. மின்சார நிறுவனமான தெனாகா நேஷனல் பில்லில் 12 இலக்கக் கணக்கு எண் இருக்கும். அந்த எண்ணும் வங்கிவழி பில் கட்டும் ஜோம்பே சேவையின் கோடு 5454-உம் இருந்தால் உலகத்தில் எங்கிருந்தும் மலேசிய வங்கிக் கணக்கு வழியாகக் கட்டிவிடலாம், பணம் யார் கைக்கும் போகாது. கட்டுவதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள். வாடகை வீடு என்றால் பில் வீட்டு உரிமையாளர் பெயரில் இருக்கும், குடியிருப்பவர் ஏற்கெனவே வாடகையோடு சேர்த்துக் கொடுத்திருந்தால் நீங்கள் கட்டுவது உரிமையாளருக்கு லாபம். இரண்டாவது, அரசாங்கத்தின் இ-காசே வறியோர் பட்டியலில் பரம ஏழையாகப் பதிவான வீட்டுக்கு மாதம் 40 வெள்ளி வரை மின்கட்டணத் தள்ளுபடி உண்டு. பதிவாகாமல் இருந்தால் ஒரு மாத பில் கட்டுவதைவிட, மாவட்ட அலுவலகத்துக்கு அழைத்துப் போய்ப் பதிந்து கொடுப்பது ஆண்டு முழுக்க உதவும். இன்னும் தோட்டத்து லயத்திலேயே இருப்பவர்களுக்குத் தனி பில்லே இல்லாமல் நிர்வாகம் சம்பளத்தில் பிடிக்கிற இடங்களும் இருக்கின்றன. அங்கே இந்த வழி கிடையாது.

மருத்துவத்தில் வெளியூர்க்காரர்கள் தவறாகக் கணக்குப் போடுகிறார்கள். அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி, சிறப்பு மருத்துவருக்கு 5 வெள்ளி. அதைக் கட்ட முடியாமல் யாரும் நிற்பதில்லை. நிற்பது போக்குவரத்தில். சிறப்பு மருத்துவர் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனையில், ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டர் போல. காலை எட்டு மணிச் சந்திப்புக்குத் தோட்டத்திலிருந்து பஸ் பிடித்துப் போக முடியாது, வாடகைக் கார்தான். கூடப் போகிற மகனுக்கு ஒரு நாள் கூலி போய்விடும். ரத்தச் சுத்திகரிப்பு செய்கிறவருக்கு இது வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். ‘மருத்துவச் செலவுக்கு’ என்று ஐந்நூறு வெள்ளியை ஒரே தடவையில் கொடுப்பதைவிட, நம்பகமான ஓட்டுநர் ஒருவருக்கு மாதா மாதம் பேசிவிடுங்கள். நடை எண்ணிக்கைக்குக் கூலி, நோயாளியிடம் கை நீட்டக் கூடாது என்ற பேச்சோடு.

பள்ளிச் செலவும் அப்படித்தான். ஆரம்ப உதவி 150 வெள்ளி எல்லா மாணவருக்கும் அரசாங்கமே கொடுக்கிறது, ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் சாப்பாட்டுத் திட்டமும் இருக்கிறது. அதனால் நோட்டும் பென்சில் டப்பாவும் குவிகின்றன. குறைவது ஸ்கூல் வேன் கட்டணம். வேன்காரருக்கு இரண்டு மாதம் பாக்கி என்றால் பிள்ளை வீட்டில் உட்கார்ந்துவிடும். உடுப்பு வாங்கித் தருகிறவர்கள் அளவு கேட்காமல் வாங்காதீர்கள். காலணி கறுப்பு, அரை அங்குலம் பெரிது. இடைநிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி நீல உடுப்பு உதவாது. இதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கிறது, பழைய மாணவர் சங்கங்களின் அன்பளிப்பு மூட்டையைப் பிரித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நேரடியாகப் பணம் கொடுப்பது பற்றி. ‘குடித்துவிடுவான்’ என்ற ஒரே வாதம்தான் இதற்கு எதிராக வருகிறது. 2014-இல் உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ரொக்க உதவியால் குடியும் புகையும் கூடியதாகத் தெரியவில்லை. பயம் போகாதவர்கள் டுயிட்நவ் (போன் வழி வங்கிப் பணப் பரிமாற்றம்) வழியாக அந்த வீட்டுப் பெண்ணின் கணக்குக்கே அனுப்பலாம். மனைவியின் வங்கி அட்டை கணவர் பையில் இருக்கிற வீடு எது என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேட்டால் தெரியும். ஒரு தடவை 300 கொடுப்பதைவிட மூன்று மாதம் நூறு நூறாக, 20-ஆம் தேதி வாக்கில் கொடுங்கள். எத்தனை மாதம் வரும் என்பதை முதல் மாதமே சொல்லிவிடுங்கள். அடுத்த மாதம் வருமா வராதா என்று தெரியாத காசை வைத்து எந்த வீடும் திட்டம் போட முடியாது.

சங்கமாகவோ கம்பெனியாகவோ பெரிய தொகை கொடுப்பவர்களுக்கு 2009-இல் தொடங்கிய மைகாசே அறநிறுவனம் பொருந்தும். பயனாளர் மைகார்டைக் கடையில் காட்டிச் சாமான் வாங்குகிற முறை, கணக்கு சுத்தம். வரிக் கழிவும் கவனிக்க வேண்டியது. அங்கீகாரம் பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்பதைத்தான், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு வரை, வருமான வரியில் கழிக்க முடியும். மளிகைக் கடை நோட்டில் எழுதியதற்கு ரசீதும் இல்லை, கழிவும் இல்லை. ஒரு தனி ஆள் இரண்டு மூன்று வீட்டைப் பார்த்துக்கொள்வதற்கு நோட்டே போதும்.

காலத்தைப் பற்றி. தீபாவளி வாரத்தில் ஒரே வீட்டுக்கு நான்கு பை வரும், எம்.பி. அலுவலகம், கோயில், சங்கம், பழைய முதலாளி என்று. அரிசி மூட்டை கட்டிலுக்கு அடியில் கிடந்து வண்டு பிடிக்கும். அதற்குப் பிறகு நவம்பர், டிசம்பர் மழை. மழை நாளில் ரப்பர் பால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. ரப்பர் மரம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை இலை உதிர்த்துப் பால் குறையும். 2026-இல் பள்ளி திறப்பும் பழையபடி ஜனவரிக்கு வந்துவிட்டது. ஆக, டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்த நாலைந்து மாதத்துக்கு ஒரு பையும் வராது. கொடுக்க வைத்திருக்கும் தொகையில் கால்வாசியைத் தீபாவளிக்கும், மிச்சத்தை அந்த மாதங்களுக்கும் பிரித்துவிட்டால் அதே பணம் இரண்டு மடங்கு வேலை செய்யும்.

பைக்கும் ஓர் இடம் உண்டு, இல்லாமல் இல்லை. வெள்ளம் புகுந்த வீடு, தீப்பிடித்த லயம், சாவு விழுந்த வீடு. அடுப்பு மூட்டக்கூட ஆள் இல்லாத அந்த முதல் மூன்று நாளுக்குச் சமைக்காமல் சாப்பிடக்கூடிய பிஸ்கட், ரொட்டி, சாடின், பால், தண்ணீர் கொண்ட பைதான் சரி. கடையிடம் சொல்லி வைத்தால் அரை மணி நேரத்தில் கட்டித் தருவார்கள். அந்த வேகத்தில் இவர்களை அடிக்க ஆள் இல்லை.

இடையில் ஒன்று. இதே சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, தோட்டத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டித்தான் பங்கு வாங்கினார்கள். தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் வேலையும் வீடும் போகாமல் இருக்கத் தோட்டத்தையே வாங்கினார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் சிலர்தான் இன்று பை அனுப்புகிறார்கள், சிலர் பை வாங்குகிறார்கள். கைநீட்டிப் பழகியவர்கள் என்று யாரையும் நினைத்துப் பேச வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறோம். வீட்டு வேலைக்கு இந்த ஊரிலிருந்து ஆள் வைத்திருப்பவர்கள் பை வாங்குவதற்கு முன்னால் தங்கள் சொந்தக் கணக்கைப் பார்க்கட்டும்: சம்பளம் 7-ஆம் தேதிக்குள் போகிறதா, 2021 ஜூனிலிருந்து வீட்டுப் பணியாளருக்கும் கட்ட வேண்டிய சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) கட்டியிருக்கிறதா?

படம் எடுப்பதைப் பற்றி ஒரு வரி. கடைக்காரர் அனுப்பும் படத்தில் பை மட்டும் இருந்தால் போதும், முகம் வேண்டாம் என்று பணம் அனுப்பும்போதே எழுதிவிடுங்கள். சொல்லாவிட்டால் எடுத்துவிடுவார்கள், எல்லாரும் கேட்கிறார்கள் என்பதால்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: அடுக்கி வைத்த 50 வெள்ளிப் பைக்கு ஐந்துக்கு இரண்டு. சொல்லிக் கட்டும் 80 வெள்ளிப் பைக்கு மூன்றரை. நோட்டுக் கணக்குக்கு நான்கரை, அரை மதிப்பெண் குறைத்தது கடைக்காரரைப் பொறுத்து மாறுவதால். சொல்லிக் கட்டுகிறவர்கள் தீபாவளிக்கு மூன்று வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். கடைசி வாரத்தில் உள்ளூர் அரிசி இருக்காது, கேட்காமலே இறக்குமதியைப் போட்டுவிடுவார்கள், முட்டையும் பெரிய கிரேடுதான் மிஞ்சும். நோட்டுக்குப் பணம் கட்டுகிறவர்கள் காலை பத்து மணிக்கு மேல், கல்லாவில் கூட்டம் குறைந்த பிறகு போனில் கூப்பிடுங்கள். மாலை ஐந்துக்கு மேல் கூப்பிட்டால் “சரிங்க, சரிங்க” என்பார், தனிப் பக்கம் போட மறந்துவிடுவார்.